அரிசிப் பானைக்குள் போட்ட கிளி

“உங்களுக்கு என்ன வியாதிங்கம்மா?”

“சுகருங்க. நாப்பத்தஞ்சு வருசமா சுகருங்க.”

இதைச் சொன்னது துளசிமணி இல்லை. துளசிமணியின் கிளி.

துளசிமணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு மயக்கமாகக் கிடப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதில் மயக்கமாகக் கிடப்பது சுலபமாகத்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு கிடப்பதுதான் வரவில்லை. ஆனால் ஒத்திகைக்கு இருந்த ஒரே விதி அதுதான்: கிளி பேசலாம், ஆள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கிளி தோற்றுப்போச்சு.

ரவிக்கைத் தோளில் குத்தியிருந்த அந்தப் பச்சை வில்லை புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அரசாங்கம் அதற்கு ‘முன்விருப்பக் குரல்’ என்று பெயர் வைத்தது. நாமக்கல் ஜனங்கள் பார்த்த மாத்திரத்தில் கிளி என்று கூப்பிட்டார்கள். எழுபது தாண்டியவர்கள் ஆறு மாதம் அதைக் குத்திக்கொண்டு நடமாட வேண்டும். பேசுவதை எல்லாம் கேட்டுக் கேட்டு அது அவர்களுடைய குரலையும் மனசையும் பாடம் பண்ணிக்கொள்ளும். பிறகு என்றைக்காவது அவர்கள் பேச்சில்லாமல் விழுந்துவிட்டால், டாக்டருக்கு அதுதான் பதில் சொல்லும். குழாய் போடவா, மிஷின் வைக்கவா, யாரை உள்ளே விட, யாரை வெளியே நிறுத்த, எல்லாம் கிளி சொன்னபடிதான்.

“அப்ப இன்சுலின் போட்டுடலாங்களா?” டாக்டர் வேஷம் கட்டியிருந்த ஆலோசகர் நிலோஃபர் கேட்டாள்.

“போடுங்க சாமி. ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க.”

கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலியில் இருந்த தோழி அம்சவேணி முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. துளசிமணிக்குச் சுகரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இருப்பது எச்.ஐ.வி. இன்சுலின் போட்டால் நேராக மேலே போய்ச் சேர வேண்டியதுதான்.

“மிஷின் வைக்கணும்னு உங்க தம்பி சொல்றாரு. வைக்கட்டுமா?”

“தம்பி சொன்னாச் சரிங்க.”

துளசிமணியின் கால் கட்டைவிரல் போர்வைக்குள் துடித்தது.

“வெளியே அம்சவேணின்னு ஒருத்தங்க நிக்கிறாங்க. உள்ளே விடலாமா?”

கிளி கொஞ்சம் யோசித்தது.

“அம்சவேணியா? அது யாருன்னு தெரியலைங்களே. ராங் நம்பரா இருக்குமுங்க.”

அம்சவேணியின் சிரிப்பு நின்றுபோனது. கண்ணை மூடியிருந்தும் துளசிமணிக்கு அது தெரிந்துவிட்டது. படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“அட நாசமாப் போன கிளியே! ஆரைப் பாத்துடா ராங் நம்பர்ங்கறே?”

நிலோஃபர் பேனாவை மூடி வைத்தாள். “தோத்துப்போச்சும்மா.”

“மொத நாளே அதுகிட்ட எல்லா உண்மையும் சொன்னேனுங்களே! நீங்களும் பக்கத்துல இருந்தீங்களே!”

“இருந்தேன். ஒரு மணி நேரம் சொன்னீங்க. மிச்ச ஆறு மாசம் வீட்ல என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன், எப்பவும் சொல்றதுதான். சுகருக்கு ஊசி போடப் போறேன், சுகருக்கு இனிப்பு ஆகாது...”

“அதேதான். தினம் தினம் பேசுறதை நிஜம்னு எடுத்துக்கிச்சு. அந்த ஒரு மணி நேரத்தை நாடகம்னு தள்ளிடுச்சு.”

“சரிங்க, என்ற சீட்டெல்லாம் ஆஸ்பத்திரில இருக்குதே? டாக்டரு அதைப் பாத்தாத் தெரியாதா?”

“எச்.ஐ.வி. சீட்டுக்குப் பூட்டு இருக்கு. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே போட்ட சட்டம் அது. உங்க குரல்தான் சாவி. நீங்க விழுந்துட்டா கிளி குரல். அந்தக் கிளியே சுகர்னு சாதிச்சா?”

“சுகர்லயே செத்துப்போவேன்.”

“அம்சாக்காவைத் தெரியாதுன்னுச்சே, அதுதான் எனக்கே புரியல.” நிலோஃபர் பதிவைத் திறந்து பார்த்தாள். “வாரத்துல நாலு நாள் கொஞ்ச நேரம் பேச்சே காணோம். கொரகொரன்னு என்னமோ ஒரு சத்தம்தான் கேக்குது.”

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அரிசிங்க.”

“என்னது?”

“இவகூடப் போன்ல பேசறப்ப கிளியைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுருவேனுங்க. அது போயி ஆருகிட்டயாவது சொல்லிப்போட்டா?”

நிலோஃபர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை.

“ஊருக்கு மறைச்சே, சரி. ஊட்டுக்கு மறைச்சே, அதுவுஞ்சரி. உனக்காகப் பேசறதுக்குன்னு வந்த வாய்க்கே மறைச்சியாடி?”

இன்னொரு ஒத்திகை உண்டு, ஒரு மாதம் கழித்து. அதிலும் கிளி தோற்றால் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை ரத்த சொந்தத்துக்குப் போய்விடும். அதாவது துளசிமணியைத் தன் வீட்டில் வைத்திருக்கும் தம்பி லோகநாதனுக்கு.

லோகநாதன் கெட்டவன் இல்லை. அதுதான் பயமே. அப்பா விழுந்தபோது, நாலு நாள் பார்க்கலாம் என்று சொல்லி மிஷின் வைக்கச் சொன்னான். நாலு நாள் பத்தொன்பது நாள் ஆனது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று அப்பாவின் கையைக் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டைத் துளசிமணி இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். மிஷின் வேண்டாம். பக்கத்தில் அம்சா இருக்க வேண்டும். அம்சா சொல்வதுதான் முடிவு.

“இதைய எப்படிங்க திருத்தறது?”

“வீட்ல பேசுங்க. சுவத்துகிட்ட இல்ல, பதில் சொல்ற மனுசங்ககிட்ட. உண்மை உங்க வாயில சாதாரணப் பேச்சா வரணும். அப்பத்தான் கிளி நம்பும்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிலேபிக் கடை. ஊசி போடும் நாளெல்லாம் இரண்டு பேரும் அங்கே போய் ஆளுக்கு நான்கு ஜிலேபி தின்பது வழக்கம். சொந்தக்காரர் கல்யாணத்தில் லட்டை ஏறெடுத்தும் பார்க்காத துளசிமணி, இங்கே பாகு முழங்கை வரை வழியத் தின்பாள். அன்றைக்குத் தட்டை அம்சவேணியின் பக்கம் தள்ளினாள்.

“தின்னுடி.”

“ராங் நம்பருக்கு எதுக்கு ஜிலேபி?”

“அது கிளி சொன்னதுடி!”

“கிளி ஆருகிட்டக் கத்துக்கிச்சு? நான் கூப்பிட்டா ஊட்ல ராங் நம்பர்னு சொல்றது ஆரு?”

புருசன் செத்த வருசம், மாத்திரை வாங்கும் வரிசையில் முன்னால் நின்றவள் இந்த அம்சா. அன்றிலிருந்து பழக்கம். இடையில் துளசிமணிக்கு டி.பி. வந்து படுத்தபோது, ஆஸ்பத்திரித் தரையில் பதினோரு நாள் பாய் விரித்துக் கிடந்தவளும் இவள்தான். வேலை பார்த்த முட்டைப் பண்ணையிலிருந்து ஐதராபாத்துக்கு டிரெயினிங் அனுப்பியிருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்லியாயிற்று. திரும்பி வந்தபோது, “ஐதராபாத் சோறு ஒத்துக்கலையாட்ட இருக்குது, எளச்சுப் போயிட்டியே” என்று லோகநாதன் வருத்தப்பட்டான்.

“உன்ற கிளி மட்டும் எப்படிடி ஒரே தடவைல பாஸாச்சு?”

“எனக்குப் பொய் சொல்றதுக்கு ஊட்ல ஆளே இல்லையே.” அம்சவேணி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு ஜிலேபியை எடுத்துக்கொண்டாள். “போயிப் பேசு. இல்லாட்டி உன்னையக் கம்பியோட கட்டி வெப்பான் உன்ற தம்பி. நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நின்னு வாட்ச்மேன்கூடச் சண்டை போட்டுக்கிட்டிருப்பேன்.”

ஒரு வாரம் போனது. துளசிமணி வாயைத் திறப்பாள், சுகர் வந்து விழும். மறுபடி திறப்பாள், மறுபடி சுகர். கிளியைத் தோளிலிருந்து கழற்றி, “என்ன கேட்டுக்கிட்டியா? அது பொய்யி” என்று அதட்டிப் பார்த்தாள். அது என்ன செய்யும் பாவம்.

ஆடிப் பதினெட்டு வந்தது. தம்பி மனைவி கோகிலா அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்துப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பெரியதில் வெல்லம் போட்டது. சின்னதில் வெல்லம் போடாதது, அண்ணிக்கு.

“கோகிலா, எனக்குச் சுகர் இல்லை புள்ள.”

“அட, டெஸ்ட் எடுத்தீங்களா அண்ணி? கொறஞ்சிருச்சுங்களா?”

“கொறையல. எப்பவுமே இருந்ததில்ல. எச்.ஐ.வி.தான் இருக்குது. என்ற ஊட்டுக்காரரு லாரில போயி வாங்கிட்டு வந்தது. அவரு செத்ததும் காமாலைல இல்ல, அதுலதான்.”

கரண்டி நின்றது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வியாதியின் பெயரே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். பயமெல்லாம் அறுபது தாண்டியவர்களிடம்தான் மிச்சமிருந்தது. கோகிலாவுக்கு அறுபத்திரண்டு. அவள் அண்ணியைப் பார்த்தாள். சின்னப் பாத்திரத்தைப் பார்த்தாள். திரும்ப அண்ணியைப் பார்த்தாள்.

“முப்பத்தெட்டு வருசம்!”

“கோகிலா...”

“முப்பத்தெட்டு வருசமா தனியா ஒரு பாத்திரத்துல, வெல்லம் போடாம, உங்களுக்குன்னு பாயசம் வெச்சேனே அண்ணி! பொங்கலுக்கு வெச்சேன், தீவாளிக்கு வெச்சேன், என்ற தலைப்பிரசவத்துக்கு மொத நாள் கூட நின்னு வெச்சேன். அது எப்படி இருக்கும்னு ஒரு வாய் தின்னு பாத்தீங்களா? வடிச்ச கஞ்சியாட்ட இருக்கும்!”

“நாந்தான புள்ள தின்னேன்! எனக்குத் தெரியாதா?”

“தின்னுபோட்டு நல்லா இருக்குதுன்னு வேற சொன்னீங்க!”

“பின்ன என்ன சொல்றது!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கோகிலா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள், துளசிமணி தரையில் உட்கார்ந்தேவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது கோகிலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஏனுங்க அண்ணி, ஒட்டாதுங்களா?”

“ஊசி போட்டா ஒட்டாது. முப்பத்தெட்டு வருசம் ஒண்ணாப் பொழங்கியிருக்கறோம், ஒட்டுச்சா?”

கோகிலா யோசித்தாள். பிறகு பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் நிறைய மொண்டு நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து லோகநாதன் பட்டறையிலிருந்து வந்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவனுடையது. மரத்தூள் ஒட்டிய சட்டையோடு வாசலில் நின்று, “அக்கா, வெல்லப் பாயசமா திங்கறே? சுகரு!” என்று பதறினான்.

துளசிமணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். இந்தத் தடவை வாய் கொஞ்சம் லேசாகத் திறந்தது.

லோகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “என்கிட்ட ஏங்க்கா சொல்லல?” என்றான்.

“பக்கத்து ஊட்டு டிரைவர் ராசண்ணன் நம்மூட்ல டீ குடிச்சுட்டுப் போனாரு. அவருக்கு அந்தச் சீக்குன்னு தெரிஞ்சதும், அந்த டம்ளரைக் குச்சியால தள்ளிக்கிட்டே போயிக் குப்பைமேட்டுல போட்டே. வந்து என்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்னே. நானுஞ் சிரிச்சேன். எனக்கு ரிசல்ட் வந்து அன்னிக்கு மூணு நாளு.”

“எனக்கு நாவகமே இல்லையே...”

“உனக்கெப்படி இருக்கும்.”

அவன் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டான். மூன்று நாள் பேசவில்லை. சோறு போட்டால் தின்றான், போய்விட்டான். கோகிலாவோ அதற்கு நேர் எதிர். கிளிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவள் தானாகவே எடுத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும், வெளியூர் போன மகனை விசாரிப்பதுபோல் உரக்கக் கேட்பாள்: “அண்ணி, உங்க எச்.ஐ.வி. எப்படி இருக்குதுங்க?” “நல்லா இருக்குது புள்ள, நீ கேட்டதாச் சொல்லீர்றேன்!”

நாலாம் நாள் லோகநாதன் வாய் திறந்தான். திறந்ததும் சண்டை.

“அந்த அம்சாங்கறது ஆரு? கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். எவளோ ஒருத்தி வந்து மிஷினை எடுங்கம்பா, நான் பாத்துக்கிட்டு நிக்கோணுமா?”

“எவளோ இல்லை. அம்சா.”

“எனக்குத் தெரியாத அம்சா!”

“நான் சொல்லாத அம்சா. தப்பு எம்பேர்ல. அவ பேர்ல இல்ல.”

“நான் உன்னையச் சாக உட்டுருவேனா?”

“உடமாட்டே. அதுதான்டா பிரச்சினை!”

தினமும் இதே பாட்டு. அம்சவேணியே ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். வந்த பத்தாவது நிமிடம் லோகநாதனைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, நாப்பத்தஞ்சு வருசமா உங்க ஊட்டு வாசலுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன், இப்ப உங்களுக்கு வேற பயப்படோணுமா?” என்று கேட்டாள். அவன் எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கி வந்தான். டீயைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி சண்டை போட்டான். அந்த ஒரு மாதத்தில் ‘தம்பி சொன்னாச் சரி’ என்ற வார்த்தை துளசிமணியின் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. தோளில் கிளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஒத்திகைக்கு லோகநாதன் தானே கிளம்பி வந்தான். கட்டிலுக்கு இடது பக்கம் அவன், வலது பக்கம் அம்சவேணி, கால்மாட்டில் சோற்றுத் தூக்கோடு கோகிலா. துளசிமணி வாயை இறுக்கிக்கொண்டு படுத்தாள்.

“உங்களுக்கு என்ன வியாதிங்கம்மா?”

“எச்.ஐ.வி.ங்க. சீட்டைத் தொறந்துக்குங்க. ஆராவது வந்து சுகருன்னு சொன்னா நம்பாதீங்க.”

கோகிலா தூக்கைத் தட்டிக் கைதட்டல் மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள்.

“மிஷின் வைக்கட்டுமா?”

“வேண்டாமுங்க. நோவு தெரியாம மருந்து குடுத்து ஊட்டுக்கு அனுப்புங்க.”

“உங்க தம்பி வைக்கச் சொல்றாரே?”

“அவன் சொல்லுவான்.”

லோகநாதனுக்குத் தாங்கவில்லை. எதிரே கண்ணை மூடிக் கிடக்கும் அக்காவை விட்டுவிட்டு, அவள் தோளைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். “ஏங்க்கா, ஒரு நாலு நாள் பாக்கலாமில்ல?”

“அப்பனுக்கும் நாலு நாள்னுதான்டா சொன்னே.”

“அது வேற, இது வேற! இப்ப மிஷினெல்லாம் எவ்வளவு முன்னேறிப்போச்சு!”

“முன்னேறட்டும். நீ லாரிக்குப் பாடி கட்டறவன், என்ற பாடிய உட்டுரு.”

“பாத்தீங்களா மேடம், கிளிக்குக் கூட என்ன லொள்ளு!”

“மேடத்துகிட்ட என்னடா பேச்சு, என்கிட்டப் பேசு!”

துளசிமணியின் வயிறு குலுங்கத் தொடங்கியது. கட்டில் கிறீச்சிட்டது. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. “வாய், வாய், வாய்!” என்று அம்சவேணி காதருகில் கெஞ்சினாள். துளசிமணி உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

“யாரை உள்ளே விடட்டுங்கம்மா?”

“மொதல்ல அம்சாவை. அவ சொல்றதுதான் முடிவு. கொஞ்சம் சத்தம் போடுவா, பொறுத்துக்குங்க.”

அம்சவேணி முந்தானையை எடுத்தாள். இந்தத் தடவை வாயை அடைக்க இல்லை.

நிலோஃபர் தலையசைத்தாள். “முடிஞ்ச மாதிரிதான். கடைசியா ரத்த சொந்தம் ஒரு கேள்வி கேக்கலாம். சட்டத்துல இருக்கு. அது முடிஞ்சு கிளி மேல எரியுற பச்சை வெளக்கு அணைஞ்சாத்தான் பாஸ். அதுவரைக்கும் அம்மா வாயைத் திறக்கக் கூடாது.”

லோகநாதன் கட்டில் பக்கம் குனிந்தான். மிஷினைப் பற்றித்தான் கேட்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“நானும் வந்து பக்கத்துல இருந்துக்கட்டுமாக்கா?”

கிளி பேசவில்லை.

கிளியிடம் இதற்குப் பதில் கிடையாது. ஒரு மாதமாக எத்தனையோ கத்தினார்கள், இதை அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

“தெரியாத கேள்விக்கு அது சும்மா இருக்கும் சார்,” என்றாள் நிலோஃபர் மெதுவாக. “கற்பனையாச் சொல்லாது. அதுதான் சரி. கிளி மேல தப்பில்ல.”

“பரவாயில்லைங்க.” லோகநாதன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழப்போனான்.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. துளசிமணி, மூடிய கண் மூடியபடி, கடித்த உதடு கடித்தபடி, இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி மெல்ல நகர்ந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள். இடது பக்கம் விரிப்பில் கொஞ்சம் இடம் விழுந்தது.

லோகநாதன் நிலோஃபரைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவாடி, நாற்காலியோட என்னையத் தள்ளிருவே போல,” என்றாள் அம்சவேணி.

துளசிமணியின் தோளில் பச்சை விளக்கு அணைந்தது. லோகநாதன் பெரிய உடம்புக்காரன். பாதி கட்டிலிலும் பாதி காற்றிலுமாக உட்கார்ந்தான்.